பதினேழாம் நம்பர் குடித்தனம்

கரக்பூர்,
12-6-1967

அன்புள்ள அக்கா கமலவேணிக்கு,

தம்பி வீரபாகு எழுதுவது. நானும் கிருஷ்ணம்மாளும் குழந்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கிறவருக்கு அது லேசில் போகாது. உன் பெண் வள்ளி படிக்கிறாளா?

ஒரு காரியமாக எழுதுகிறேன். போன வாரம் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தனசேகரன் என்பவர் ரிடையர் ஆனார். முப்பது வருஷம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவர். காலி செய்கிற அன்று அவர் வீட்டு அம்மா கொல்லையில் நின்றுகொண்டு, "இந்தக் கறிவேப்பில மரத்தத் தோண்டி எடுத்துக்கினு போனா பொழைக்குமாப்பா?" என்று என்னைக் கேட்டார். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த மரம். அன்று முதல் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

நம் ஊரில் ஒரு வீடு வாங்கிப்போட நினைக்கிறேன். நான் வரும்வரை வாடகைக்கு விடலாம். கையில் இரண்டாயிரத்து எண்ணூறு இருக்கிறது. தபால் ஆபீசில் போட்டு வைத்தால் வட்டி கொசுறுதான். வீட்டுக்கு மாதம் முப்பது ரூபாய் வாடகை வந்தால்கூட அதைவிட மேல் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நீதான் போய்ப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் நீ தேங்காய் வாங்க வந்தால் கடைக்காரரே உள்ளே போய்விடுவார், அத்தனை தட்டு தட்டுவாய். வீட்டையும் அப்படியே தட்டிப் பார்த்து எழுது. சுவர் எப்படி, தரை எப்படி, யார் குடி வருவார்கள், எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும்.

பதிலை எதிர்பார்க்கும் தம்பி,
வீரபாகு


பெரியவர் வீடு,
பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
5-7-1967

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். மாமா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறார், எண்ணெய்தான் குறைகிறது. மாமாவின் அண்ணன் பெரியவர் குடும்பமும் நாங்களும் வழக்கம்போல ஒரே கூரையில், ஒரே உலையில் இருக்கிறோம். குழந்தைக்குத் திருஷ்டி சுற்றிப் போடச் சொல்.

வீடு பார்த்தேன். தரகர் கண்ணாயிரம் பத்து நாளாக என்னை நடக்க வைத்தார், பிறகு நான் அவரை நடக்க வைத்தேன். உருப்படியாக இரண்டு தேறியது.

ஒன்று செவிலிமேட்டில். பாலாற்றுப் பக்கம். புது வீடு, தளம் போட்டது, தரை முழுக்க சிமெண்ட். ஆறாயிரம் கேட்கிறார்கள். பார்க்க லட்சணமாக இருக்கிறது.

இன்னொன்று இங்கேயே பிள்ளையார்பாளையத்தில், கதவு எண் 17. ஓட்டு வீடு. சொந்தக்காரர் கைலாசம் மெட்ராசுக்குக் குடிபோய்விட்டார். ஐயாயிரத்து ஐநூறு. கிணற்றில் பாதி பாத்தியம் பக்கத்து வீட்டுக்காரருக்கு. உத்திரத்தைக் கோணியூசியால் குத்திப் பார்த்தேன், கறையான் இல்லை. கூடம் பன்னிரண்டு முழம், தறி போட்டுப் பாவு நூலை நீட்டத் தாராளம். ஆனால் தரை ஈரம். வெறுங்காலில் நின்றால் சில்லென்கிறது. வாங்க வந்தவர்கள் எல்லாரும் இந்த ஈரத்தைப் பார்த்துத்தான் திரும்பிப் போனார்களாம். நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாயிரம், "குளுமைமா, குளுமை. ஊட்டிக்குப் போனா காசு குடுத்து வாங்கணும்" என்றார்.

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். காய்ந்த வீட்டில் பட்டு இழை நொடிக்கொன்று அறும். ஈரத் தரையில் குழித்தறி போட்டால் பாவு சொன்னபடி கேட்கும். வீட்டுக்குக் குறையாக இருப்பது தறிக்கு நிறை. ஆனால் ஐப்பசி மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறினால் தறியே போச்சு. எவ்வளவு ஊறும் என்று பார்க்காமல் நான் சரி சொல்லமாட்டேன். அதோடு ஆடி பிறக்கப்போகிறது, ஆடியில் யாரும் பத்திரம் எழுதமாட்டார்கள். அவசரப்படாதே.

உன் நன்மையே நினைக்கும் அக்கா,
கமலவேணி


கரக்பூர்,
20-7-1967

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. குழந்தைக்கு லேசாகச் சளி, பயப்பட ஒன்றுமில்லை. மாமாவுக்கு ஒரு தைலம் தனியாக அனுப்புகிறேன்.

ஈரம் குறையா நிறையா என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் சிட்டிபாபுவிடம் கேட்டேன். ஓங்கோல்காரர், எல்லாவற்றுக்கும் ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பார். "தரை ஈரம்னா சுவரும் ஈரம், சுவர் ஈரம்னா பத்து வருஷத்தில் வீடே ஈரம்" என்று பயமுறுத்துகிறார். நீ என்ன சொல்கிறாய்? குழியில் ஊறும் தண்ணீரை எப்படி அளப்பாய்? எத்தனை விரல் வரை தறி தாங்கும்? செவிலிமேட்டு வீட்டுக்கு யார் குடி வருவார்கள்? அங்கே நெசவுக்காரர் போகமாட்டார்கள், வேறு யார்?

கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. பார்க்காத வீட்டை வாங்குகிறவனுக்குக் கேள்வியைத் தவிர வேறு கண் ஏது?

வீரபாகு


பிள்ளையார்பாளையம்,
21-11-1967

தம்பி வீரபாகுவுக்கு,

நான்கு மாதம் பதில் இல்லை என்று கோபித்து இரண்டு கார்டு போட்டிருந்தாய். மழைக்குக் காத்திருந்தேன். தீபாவளி முடிந்ததும் வீட்டில் கொஞ்சம் வேலையும் இருந்தது, அதெல்லாம் பெரிதில்லை. குழந்தையின் சளி போய்விட்டதா? மாமா உன் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நீ டாக்டருக்குப் படித்திருக்கலாம் என்கிறார்.

17-ஆம் நம்பரில் கைலாசம் காலத்துப் பழைய தறிக்குழி ஒன்றை மணல் கொட்டி மூடி வைத்திருந்தார்கள். மணலை வாரச் சொன்னேன். கண்ணாயிரம் தலையில் கை வைத்துக்கொண்டு, "வூடு வாங்க வந்தியா, கெணறு வெட்ட வந்தியாமா?" என்றார். ஒரு குச்சியில் விரலுக்கு விரல் நகத்தால் கீறிக் குழியில் நட்டு வைத்தேன். மழை கொட்டிய பதினாறு நாளும் காலையில் வள்ளி போய்ப் பார்த்து வந்து சொன்னாள். அதிகம் போனது இரண்டு விரல். மழை விட்ட மூன்றாம் நாள் வெறும் ஈரம்தான். இரண்டு விரல் என்றால் ஒரு பலகை போட்டு மிதித்துக்கொள்ளலாம். சிட்டிபாபுவிடம் சொல், சுவரில் நான் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தேன், முழங்கால் உயரத்துக்கு மேல் ஈரம் ஏறவில்லை.

மழையைப் பார்த்து கைலாசமும் இறங்கி வந்தார். ஐயாயிரத்து முந்நூறு. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று, சுத்தம். முத்திரை, ரிஜிஸ்டர், எழுத்துக்கூலி எல்லாம் ஐநூறு ஆகும்.

செவிலிமேட்டுக்கும் இன்னொரு தடவை போனேன். வேண்டாம். அங்கே குடிவர ஆள் கிடையாது.

பணத்துக்கு என்ன வழி என்று யோசித்தேன். சேட்டுக் கடை வட்டி நம்மை விழுங்கிவிடும். சீட்டு எடுத்தால் தள்ளுபடியில் கால்வாசி போகும். போக்கியத்துக்கு விட்டால் என்ன? குடி வருகிறவர் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு மூன்று வருஷம் வாடகையில்லாமல் இருப்பார், காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும். ஆயிரத்து ஐநூறு கொடுக்க ஒரு குடும்பம் இருக்கிறது. நல்ல மனிதர்கள்.

யோசித்து எழுது.

அக்கா


கரக்பூர்,
9-12-1967

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டாள். நீ குச்சி நட்ட கதையை ஒர்க்‌ஷாப் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஃபோர்மேன்கூட அந்த இரண்டு விரல் கணக்கைக் கேட்டு, உன் அக்காவை இங்கே வேலைக்கு அனுப்பு என்றார்.

முடிவு செய்துவிட்டேன். என் சேமிப்பு இரண்டாயிரத்து எண்ணூறு. பிராவிடண்ட் ஃபண்டில் ஆயிரத்து ஐநூறு கடன் கிடைக்கும், மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். போக்கியம் ஆயிரத்து ஐநூறு. சரியாக ஐயாயிரத்து எண்ணூறு. போக்கியத்தில் வாடகை வராது என்பதுதான் இடிக்கிறது, பிடித்தம் முழுவதும் என் வயிற்றில்தான். பரவாயில்லை.

தை பிறந்ததும் ஒரு வார லீவில் வருகிறேன். ரிஜிஸ்டர் ஆனதும் உன் பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். குடிவைப்பது, காலி செய்வது, எல்லாவற்றுக்கும் என் சார்பில் நீயே கையெழுத்துப் போடலாம்.

அந்தக் குடும்பம் யார்? எத்தனை பேர்? எத்தனை தறி?

வீரபாகு


பெரியவர் வீடு,
பிள்ளையார்பாளையம்,
18-4-1968

அன்புத் தம்பிக்கு,

தையில் வந்து போன நீ ஊர் போய்ச் சேர்ந்ததாக எழுதிய கடிதம் அப்போதே கிடைத்தது. நீ வாசற்காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாயே, அதை நினைத்து நானும் மாமாவும் இன்னும் சிரிக்கிறோம். இங்கே யாருக்கும் நோய் நொடி இல்லை.

பங்குனி உத்திரம் கழித்து 17-ஆம் நம்பரில் குடிவந்தாயிற்று. போக்கியப் பத்திரத்தில் உன் சார்பில் நான் கையெழுத்துப் போட்டேன். நகல் என்னிடம் இருக்கிறது. நம்மவர்கள்தான், செங்குந்தர். புருஷன், பெண்டாட்டி, ஒரு பெண். தறி ஒன்று. குழியில் பலகை போட்டிருக்கிறார்கள். பாவு அறுவதே இல்லை. மத்தியானத்தில்கூட இழை பச்சைப் புல் மாதிரி துவண்டு கிடக்கிறது.

கடிதத்தை எப்போதும்போல பெரியவர் வீட்டு விலாசத்துக்கே போடு.

கமலவேணி


கரக்பூர்,
30-7-1968

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

கிருஷ்ணம்மாளுக்குப் பத்து நாள் காய்ச்சல். இப்போது எழுந்து நடமாடுகிறாள். நீ நேரில் இருந்தால் ரசம் வைத்துக் கொடுத்திருப்பாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மனதில் உள்ளதை எழுதுகிறேன். முப்பது ரூபாய் பிடித்தம் நான் நினைத்ததைவிடக் கடிக்கிறது. மருந்துச் செலவுக்கு சிட்டிபாபுவிடம் கைநீட்டினேன். இதற்கு நடுவில் நம்மூர்க்காரர் ஒருவர் இங்கே மாற்றலாகி வந்திருக்கிறார். நீ வேண்டாம் என்ற அந்த செவிலிமேட்டு வீடு மாதம் நாற்பத்தைந்து ரூபாய்க்குப் போயிருக்கிறதாம். டவுன் பஸ் வந்த பிறகு ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் அங்கே வீடு கிடைக்காமல் அலைகிறார்களாம். உனக்கு எப்படி இது தெரியாமல் போயிற்று?

போனது போகட்டும். அவருக்குத் தெரிந்த பாங்க் குமாஸ்தா ஒருவர் 17-ஆம் நம்பருக்கு முப்பத்தைந்து ரூபாய் வாடகையும் ஐநூறு அட்வான்சும் தரத் தயார். தறிக்குழியை மூடி சிமெண்ட் போட வேண்டும் என்கிறார், அவ்வளவுதான். மீதி ஆயிரத்துக்கு எங்கள் கூட்டுறவு நாணயச் சங்கத்தில் கடன் எடுத்து, போக்கியக்காரருக்குப் பணத்தைத் திருப்பிவிடலாம். அவர்களைக் கேட்டுப் பார். வேறு வீடு கிடைக்காமலா போகும்?

இன்னொன்று. இந்த நாலு மாதத்தில் அவர்கள் ஒரு குறைகூடச் சொல்லி அனுப்பவில்லையே, அது எப்படி? இங்கே குவார்ட்டர்ஸில் குழாய் சொட்டினால் பத்து மனு போகும். யார் இந்த மனிதர்கள் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது. அடுத்த கடிதத்தில் பெயராவது எழுது.

வீரபாகு


பிள்ளையார்பாளையம்,
16-9-1968

தம்பிக்கு,

உன் கடிதம் என் கைக்கு வரத் தாமதமாகிவிட்டது. கிருஷ்ணம்மாளுக்கு உடம்பு தேறியதா? கஞ்சியில் சுக்குத் தட்டிப் போடச் சொல். பிடித்தத்துக்கு நீ கஷ்டப்படுவது தெரிந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போக்கியம் மூன்று வருஷத்துக்கு எழுதியது. பாதியில் எழுப்பினால் நன்றாக இருக்காது.

வள்ளிக்குப் பரீட்சை. மாமா கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

கமலவேணி


கரக்பூர்,
14-10-1968

கதவு எண் 17-ல் குடியிருப்பவர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரன். தங்கள் பெயர் தெரியாததால் இப்படி எழுத வேண்டியதாயிற்று, மன்னிக்கவும்.

என் அக்கா கமலவேணி அம்மாள் மூலமாகக் கேட்டிருந்தேன். அவர் இளகிய மனசுக்காரர், தங்களிடம் கேட்கச் சங்கடப்படுகிறார் போலிருக்கிறது. அவர் சரியாகப் பதில் எழுதவில்லை. அதனால் நேராகவே கேட்கிறேன். போக்கியத் தொகை ஆயிரத்து ஐநூறையும் சாமான் ஏற்றும் செலவுக்கு ஐம்பது ரூபாயும் தந்தால், தை மாதத்துக்குள் தங்களால் வேறு இடம் பார்த்துக்கொள்ள முடியுமா? எனக்குப் பண நெருக்கடி. இல்லாவிட்டால் கேட்கமாட்டேன்.

வீட்டில் குறை ஏதாவது இருந்தால் அதையும் எழுதவும். குறையே சொல்லாத குடித்தனத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. என் அக்காவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வீரபாகு


கதவு எண் 17,
பிள்ளையார்பாளையம்,
24-11-1968

வீட்டுக்காரர் வீரபாகு அவர்களுக்கு, குடியிருக்கும் கமலவேணி எழுதிக்கொள்வது.

நாங்கள் மூன்று பேரும் உங்கள் தயவில் நலம். உங்கள் கடிதம் நேராக என் கைக்கு வந்தது. பெரியவர் வீட்டுக்கு வரும் கடிதமென்றால் ஓரகத்தி எடுத்து வைத்து, நான் போய் வாங்கி வர மூன்று நாள் ஆகும். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அது ஒன்றுதான் முடியவில்லை.

குறை கேட்டீர்கள். எட்டு மாதமாகச் சேர்த்து வைத்ததைச் சொல்லிவிடுகிறேன். சமையற்கட்டுக்கு மேல் மூன்றாம் வரிசையில் நாலு ஓடு உடைந்திருக்கிறது, மழையில் அடுப்பு நனைகிறது. கொல்லைக் கதவு உப்பிப்போய்ச் சாத்த வரவில்லை. கிணற்றுக் கயிறு இரண்டு தடவை அறுந்து குடம் உள்ளே போயிற்று. ராட்டினத்தின் விளிம்பு தேய்ந்து கயிறு வெளியே குதிக்கிறது. இந்த வருஷம் குழியில் மூன்று விரல் ஊறிற்று, நான் அளந்து சொன்னதைவிட ஒரு விரல் அதிகம்.

இனி அக்காவாக எழுதுகிறேன், தம்பி.

போன வருஷம் தீபாவளி கழித்துப் பாகம் பிரிந்தது. பெரியவரின் மகன்கள் இருவரும் தறிக்கு வந்துவிட்டார்கள், கூடத்தில் இடமில்லை. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் உன் மாமாவின் தறி கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தது. சண்டையில்லை, கூச்சலில்லை. பெரியவர், "வெத்தலையில வெச்சிக் குடுக்கறண்டா, பாகத்த வாங்கிக்கோ" என்றார். ஆயிரம் ரூபாய் வந்தது. நீ தையில் வந்தபோதும் நாங்கள் அந்த வீட்டில்தான் இருந்தோம், பங்குனி வரை தவணை வாங்கிக்கொண்டு. உன் முன்னால் எல்லாரும் சிரித்துப் பேசினார்கள், நானும் சிரித்தேன். மாமாவுக்கு ஐந்து மாதம் தறியில்லை. முழங்கால் வலி தானே குறைந்துவிட்டது, அதைப் பார்க்கத்தான் எனக்கு வலித்தது.

பாகப் பணம் ஆயிரம், என் சங்கிலியை விற்றது ஐநூறு. அதுதான் உன் போக்கியம். பத்திரத்தில் உன் சார்பில் நான் கையெழுத்துப் போட்டேன், குடிவருகிறவராக மாமா போட்டார். பத்திரம் எழுதுகிறவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, நீயே குடுத்து நீயே வாங்கிக்கிறியா?" என்றார்.

உன்னிடம் சொன்னால் என்னிடம் பணம் வாங்குவாயா? வாங்கமாட்டாய். சும்மா இருக்கச் சொல்வாய். தம்பி வீட்டில் ஓசியில் இருக்க மாமா ஒப்பமாட்டார், நானும் ஒப்பமாட்டேன். போக்கியக் குடித்தனம் என்றால் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. அதனால்தான் கயிறு அறுந்தபோதும் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் அது தம்பியிடம் கேட்டதாகிவிடும்.

இதுவரை எழுதியதில் எனக்கு வெட்கமில்லை. இனி எழுதுவதில்தான் இருக்கிறது. செவிலிமேட்டுக்கு இரண்டாம் தடவை போனேன் என்று எழுதினேன், அது நிஜம். நான் போனபோது அந்த வீட்டு வாசலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வாடகைக்குக் கேட்டுக்கொண்டு நின்றார். நாற்பது ரூபாய் தருகிறேன் என்று அவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. குடிவர ஆள் கிடையாது என்று உனக்கு எழுதினேன். குழியில் குச்சி நட்டு விரலால் அளந்தவள் இதை அளக்காமல் விட்டேன். 17-ஆம் நம்பர் மோசமான வீடில்லை. ஆனால் அதை உனக்காக மட்டும் நான் தேர்ந்தெடுக்கவில்லை.

நீ கேட்டால் தைக்குள் காலி செய்கிறோம். நீ ஐம்பது ரூபாய் தர வேண்டாம். ஒன்று மட்டும், குழியை மூடுவதாக இருந்தால் நாங்கள் போன பிறகு மூடு.

கமலவேணி


கரக்பூர்,
11-2-1969

கதவு எண் 17, குடித்தனக்காரர் திருமதி கமலவேணி அவர்களுக்கு,

இங்கே அனைவரும் நலம். தங்கள் முழங்கால்காரர் மறுபடி வலிக்கிறது என்று சொல்கிறாரா? சொன்னால் எனக்குச் சந்தோஷம்.

தங்கள் மனு கிடைத்து இரண்டரை மாதம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். ஒரு நாள் கிருஷ்ணம்மாள் தட்டை வைத்துவிட்டு, "உங்க அக்கா பொய் சொன்னாங்கன்னு கோவமா, கேக்கலியேன்னு கோவமா? ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணிக்கினு சாப்புட வாங்க" என்றாள். முடிவு செய்ய இத்தனை நாள் ஆயிற்று.

செவிலிமேட்டு வீட்டை விட்டதில் எனக்கு வருஷத்துக்கு என்ன நஷ்டம் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டேன். கிழித்துவிட்டேன் என்று பெரிய மனது காட்டமாட்டேன், தாள் பெட்டியில்தான் இருக்கிறது. நீ வாத்தியாரைப் பற்றி எழுதியிருந்தால் நான் அந்த வீட்டைத்தான் வாங்கியிருப்பேன். அது எனக்கு வலிக்கிறது, அக்கா. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் அந்தத் தாளுக்குப் பின்பக்கம் இன்னொரு கணக்குப் போட்டேன். உனக்கு எட்டு மாதம். இரண்டு கயிறு. இரண்டு குடம். மழைக்காலம் முழுக்க நனைந்த அடுப்பு. என் வீட்டில் இருந்துகொண்டு, என்னிடம் மட்டும் சொல்லாமல். இந்தப் பக்கத்தைக் கூட்ட எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரன் பதில் இது. போக்கியம் எழுதியபடி மூன்று வருஷம். அதற்குள் காலி செய்யச் சொல்ல எனக்கு உரிமையில்லை, கேட்டது தப்பு. பாங்க் குமாஸ்தாவுக்கு இல்லையென்று எழுதிவிட்டேன். குழியை யாரும் மூடமாட்டார்கள். பிடித்தத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஓட்டுக்கும் கதவுக்கும் இருபத்தைந்து ரூபாய் மணியார்டர் தனியாக வரும். ராட்டினம் ஒன்றை நானே கடைசலில் பிடித்துச் செய்தேன், பார்சலில் வருகிறது. வீட்டுக்காரன் கடமை அது. தம்பி கொடுத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு நிபந்தனை. இனிமேல் குறை இருந்தால் மாதாமாதம் எழுத வேண்டும். குறையில்லாத மாதத்திலும் எழுத வேண்டும்.

வீரபாகு


கதவு எண் 17,
பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
6-3-1969

வீட்டுக்காரத் தம்பிக்கு,

இந்த மாதத்துக் கடிதம் இது. மூன்று பேரும் சௌக்கியம். முழங்கால் வலி நன்றாக இருக்கிறது, மாமா முனகிக்கொண்டே மிதிக்கிறார். கிருஷ்ணம்மாளிடம் சொல், அவள் கேட்ட கேள்வியை நானும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாளைக் கிழிக்க வேண்டாம். பெட்டியிலேயே இருக்கட்டும், ஒரு நாள் நேரில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் பார்ப்போம்.

ஓடு மாற்றியாயிற்று. மீதம் நாலு ரூபாய், கதவுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ராட்டினமும் வந்தது. கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் போல மின்னுகிறது. ஆனால் கொக்கி தடியாக இருக்கிறது, கிணற்றுத் தூலத்து வளையத்தில் ஏறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அரம் எடுத்துக்கொண்டு வந்து, "நான் ராவிப் போடறேன்மா" என்றார். அவருக்கும் பாதிக் கிணறு இருக்கிறதே. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் வந்து போடட்டும்.

அதுவரை பழைய ராட்டினத்தில்தான் இறைக்கிறேன். சிந்துகிற தண்ணீர் வீணாகவில்லை. குடிவந்த மாதமே கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தேன், இப்போது என் இடுப்புக்கு வந்துவிட்டது. நீ ரிடையர் ஆகி வரும்போது மரமாகியிருக்கும். அதை யாரும் தோண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

குடியிருக்கும் அக்கா,
கமலவேணி